விர்ச்சுவல் சுவிட்ச், டனல்: கடலூர், புதுச்சேரி சர்வர்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறு அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களில் பலர் தனி ஆட்கள். கேபிள் இழுப்பது, பிரிண்டர் சரிசெய்வது, பேக்கப் எடுப்பது எல்லாம் ஒருவர் தலையில்தான். ஒரே ஹோஸ்டில், அதாவது நிஜ சர்வரில், நாலைந்து விஎம் (அதற்குள் ஓடும் மென்பொருள் கணினி) ஓடும் வரை பெரிய சிக்கல் வராது. இன்னொரு கிளையில் இன்னொரு ஹோஸ்ட் வைத்து, "ரெண்டையும் சேத்துடுங்க" என்று முதலாளி சொல்லும்போதுதான் கேள்விகள் கிளம்பும். அப்படி என்னிடம் வருகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டு: மஞ்சக்குப்பத்தில் தலைமை அலுவலகம், அதன் நெட்வொர்க் 192.168.10.0/24. முதலியார்பேட்டையில் கிளை, அதன் நெட்வொர்க் 192.168.20.0/24. இரண்டு இடத்திலும் கேவிஎம் (லினக்ஸில் விஎம் ஓட்டும் வசதி) ஓடும் லினக்ஸ் ஹோஸ்ட், பெரும்பாலும் பிராக்ஸ்மாக்ஸ் (அந்த விஎம்களை ஆளும் தொகுப்பு). நடுவில் சாதாரண ஃபைபர் பிராட்பேண்ட். கட்டளைகளை வரிவரியாகத் தரவில்லை, அவை டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகைக்கு வகை) மாறும். எதை ஏன் செய்கிறோம் என்பது பிடிபட்டால் கட்டளையை மேனுவலில் தேடிக்கொள்ளலாம்.

விர்ச்சுவல் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் இந்த மென்பொருள் சுவிட்ச், ஹோஸ்டின் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது. விஎம்முக்கு உள்ளே நெட்வொர்க் கார்டாகத் தெரிவது, ஹோஸ்ட் பக்கத்தில் டேப் என்ற இடைமுகமாக நிற்கும். அந்த டேப்பும் நிஜ நெட்வொர்க் கார்டும் ஒரே பிரிட்ஜில் (இதுதான் அந்த விர்ச்சுவல் சுவிட்ச்) செருகப்பட்ட போர்ட்டுகள். எந்த மேக் அட்ரஸ் (கார்டின் வன்பொருள் முகவரி) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அந்த பிரிட்ஜ் தானாகக் கற்றுக்கொள்ளும். ஒரு மேக்கிலிருந்து 300 நொடி எந்த பிரேமும் (ஈதர்நெட் தகவல் பொட்டலம்) வராவிட்டால் அதை மறந்துவிடும். தெரியாத மேக்குக்கு வந்த பிரேமை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். கடையில் வாங்கும் சுவிட்ச் செய்யும் அதே வேலைதான். கேவிஎம் விஎம்களின் மேக் வழக்கமாக 52:54:00 என்று தொடங்கும்; பிரிட்ஜின் பட்டியலைப் பார்க்கும்போது விஎம் எது, வெளிக் கருவி எது என்று பிரித்தறிய இது உதவும். பிராக்ஸ்மாக்ஸ் மட்டும் வேறு முன்னொட்டைப் போடக்கூடும், அதற்கு டேட்டாசென்டர் ஆப்ஷன்ஸில் பாருங்கள்.

பிரிட்ஜ் போட்டதும் ஹோஸ்டே போய்விட்டது. என்ன நடந்தது?

ஹோஸ்டின் ஐபி அட்ரஸ் நெட்வொர்க் கார்டிலேயே தங்கிவிட்டது. ஒரு கார்டு பிரிட்ஜின் போர்ட்டாக மாறியதும், அதில் வருகிற பிரேமை எல்லாம் பிரிட்ஜ் வாங்கிக்கொள்ளும். பிறகு கார்டின் மேல் எழுதிய ஐபியிலிருந்து பதில் வராது. ஐபி, கேட்வே இரண்டையும் பிரிட்ஜ் இடைமுகத்தின் மேல் எழுத வேண்டும். ஓப்பன் விஸ்விட்ச் என்ற இன்னொரு விர்ச்சுவல் சுவிட்சிலும் இதே விதிதான், அங்கே அதற்கென்று உள் போர்ட் ஒன்று இருக்கும்.

வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் இணைப்பு) வழியாக இந்த மாற்றத்தைச் செய்கிறவர்கள் தயவுசெய்து திரும்பும் வழியை முதலில் போடுங்கள். உபுண்டுவில் நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கருவியின் ட்ரை கட்டளை 120 நொடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். மற்ற டிஸ்ட்ரோக்களில், பழைய கோப்பைத் திரும்ப வைத்து நெட்வொர்க்கை ரீஸ்டார்ட் செய்யும் சின்ன ஸ்கிரிப்டைப் பத்து நிமிடம் கழித்து ஓடும்படி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். எல்லாம் சரியாக வந்தால் அந்த ஸ்கிரிப்டை ரத்துசெய்யுங்கள். இரவு பத்து மணிக்கு இன்னொருவர் அலுவலகச் சாவி தேடி வண்டி எடுக்கிற நிலை வராமல் இருப்பதே போதும்.

லினக்ஸ் பிரிட்ஜா, ஓப்பன் விஸ்விட்சா?

ஒன்றிரண்டு ஹோஸ்ட், ஐந்தாறு விலான் (ஒரே கேபிளில் பிரித்த தனி நெட்வொர்க்) என்றால் லினக்ஸ் பிரிட்ஜ் போதும். அது கெர்னலோடு வருகிறது, தனி சர்வீஸ் கிடையாது, பழுது பார்க்கும் கருவிகள் எல்லா டிஸ்ட்ரோவிலும் இருக்கும். ஓப்பன் விஸ்விட்ச் 2009இல் வெளிவந்தது, அதன் கெர்னல் பகுதி 2012இல் லினக்ஸ் 3.3இல் சேர்ந்தது. ஃப்ளோ விதிகளை (எந்தத் தகவல் எங்கே போக வேண்டும் என்பவை) நீங்களே எழுத வேண்டும், ட்ராஃபிக்கை மிரர் செய்ய வேண்டும், பல ஹோஸ்ட்டுகளை ஒரே இடத்திலிருந்து ஆள வேண்டும் என்றால் அதன் அருமை தெரியும். ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளைப் படிக்கிற கல்லூரி மாணவர்கள் கட்டாயம் அதில் கை பழக வேண்டும். அலுவலக பில்லிங் சர்வருக்கு, உங்களுக்குப் பிறகு வரும் ஆளுக்கும் புரிகிற லினக்ஸ் பிரிட்ஜையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேவிஎம் நிறுவியதும் விஎம்முக்கு 192.168.122 என்று ஐபி வருகிறது. அலுவலகக் கணினிகளால் அதை அணுக முடியவில்லையே?

அது லிப்விர்ட் (கேவிஎம்மை ஆளும் மென்பொருள்) தானாகப் போட்டுத் தரும் நேட் நெட்வொர்க், அதாவது விஎம்கள் ஹோஸ்டின் ஐபிக்குப் பின்னால் மறைந்து நிற்பது. விஎம் வெளியே போகலாம், வெளியிலிருந்து விஎம்முக்குள் நேரே வர முடியாது. சோதனைக்கு நல்லது. மற்ற கணினிகள் அணுக வேண்டிய சர்வருக்கு, நிஜ கார்டு சேர்ந்த பிரிட்ஜ் போட்டு விஎம்மை அதற்கு மாற்றுங்கள்.

லேப்டாப்பின் வைஃபையை பிரிட்ஜில் சேர்க்கலாமா?

சேராது. வைஃபையில் இணைந்த கருவி, தன் மேக் அட்ரஸில் மட்டுமே பிரேம் அனுப்ப ஆக்சஸ் பாயின்ட் அனுமதிக்கும். விஎம்மின் மேக்கோடு போகும் பிரேமை அது ஏற்காது. லேப்டாப்பில் பழகுகிறவர்கள் நேட் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கேபிள் செருகுங்கள்.

விலானை எங்கே பிரிப்பது? ஒரே கேபிளில் அலுவலகம், கேமரா, விருந்தினர் வைஃபை மூன்றும் வர வேண்டும்.

புதுச்சேரியில் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். அலுவலகத்துக்கு விலான் 10, கேமராவுக்கு 30, விருந்தினருக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். மேனேஜ்டு சுவிட்சில் ஹோஸ்டுக்கு வரும் போர்ட்டை ட்ரங்க் (பல விலானைச் சுமக்கும் போர்ட்) ஆக்கி மூன்றையும் டேக்கோடு (பிரேமில் ஒட்டும் விலான் எண்) அனுப்புங்கள். ஹோஸ்டில் ஒரே பிரிட்ஜ், அதில் விலான் வடிகட்டலை இயக்குங்கள். பிராக்ஸ்மாக்ஸில் "விலான் அவேர்" என்ற டிக் அதுதான். பிறகு ஒவ்வொரு விஎம்மின் கார்டுக்கும் அதன் விலான் எண்ணை எழுதினால் போதும், விஎம்முக்கு உள்ளே டேக் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். எண் 1 முதல் 4094 வரை எதுவும் இருக்கலாம். டேக்கில் இந்த எண்ணுக்கு ஒதுக்கியது 12 பிட், அதில் முதல் மதிப்பும் கடைசி மதிப்பும் பயன்பாட்டுக்கு இல்லை.

பாதுகாப்பு ஓட்டை விழும் இடம் ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஓப்பன் விஸ்விட்சில் ஒரு போர்ட்டுக்கு விலான் எதுவும் எழுதாமல் விட்டால் அது எல்லா விலானையும் சுமக்கும் ட்ரங்க் ஆகிவிடும். லினக்ஸ் பிரிட்ஜில் வடிகட்டலை இயக்காமல் விட்டாலும் டேக் போட்ட பிரேம்கள் எல்லாப் பக்கமும் போகும். அப்படி விட்ட விஎம்முக்குள் ஒருவர் புகுந்தால், தானே டேக் போட்டு உங்கள் கேமரா நெட்வொர்க்குக்குள் நுழைந்துவிடலாம். விருந்தினர் பக்கம் இருக்கும் விஎம்களின் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

இரண்டு கார்டுகளைச் சேர்த்து பாண்ட் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?

ஒரு தனி இணைப்புக்கு ஆகாது. எல்ஏசிபி (பல கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் முறை) ஒவ்வொரு ஃப்ளோவையும், அதாவது தனி இணைப்பையும், ஏதாவது ஒரு கேபிளில்தான் அனுப்பும். ஒரு பெரிய கோப்பு ஒரு கிகாபிட்டில்தான் போகும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது பலன் தெரியும். சுவிட்சில் எல்ஏசிபி இல்லாதவர்கள் ஆக்டிவ்-பேக்கப் (ஒரு கேபிள் ஓட, மற்றது காத்திருக்கும்) முறையை வைக்கலாம், அதற்குச் சுவிட்சில் எந்த அமைப்பும் தேவையில்லை. கடலோரத்தில் உப்புக்காற்று ஏறி கேபிள் முனையின் தகடுகள் பச்சை பூக்கும் அலுவலகங்களுக்கு இது நல்ல காப்பு.

கடலூர், பாண்டி ரெண்டையும் ஒரே நெட்வொர்க்கா ஆக்கணும் சார். எந்த டனல் போடலாம்?

டனல் என்பது இணையத்தின் வழியே இரண்டு இடங்களை இணைக்கும் தனிப் பாதை. அதைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒரே நெட்வொர்க் எதற்கு என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். முதலாளி கேட்பது "பாண்டியில உக்காந்து கடலூர் சர்வரைத் திறக்கணும்" என்பது. அதற்கு இரண்டு தனி நெட்வொர்க்குகளும் நடுவில் ரூட்டிங்கும் போதும். தகவலைப் பூட்டி அனுப்பும் வயர்கார்டு டனல் ஒன்று போட்டு, அந்தப் பக்க நெட்வொர்க்குக்கு இந்த வழி என்று இரண்டு பக்கமும் எழுதினால் வேலை முடிந்தது.

இரண்டாம் அடுக்கை, அதாவது ஈதர்நெட்டையே, ஊர் தாண்டி நீட்டினால் வரும் விலை என்ன என்று பாருங்கள். கடலூரில் ஒரு கணினி கேட்கும் ஒவ்வொரு ஏஆர்பி கேள்வியும் (இந்த ஐபி யாருடையது என்பது), விண்டோஸ் கணினிகள் போடும் ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் (எல்லாருக்கும் போகும் செய்தி) பிராட்பேண்ட் லைனில் ஏறி புதுச்சேரிக்குப் போகும். இரண்டு பக்கமும் டிஹெச்சிபி (ஐபியும் கேட்வேயும் தானாகத் தரும் சர்வர்) இருந்தால் முதலியார்பேட்டைக் கணினி மஞ்சக்குப்பத்து கேட்வேயை வாங்கிக்கொள்ளும். பிறகு புதுச்சேரியில் ஒருவர் திறக்கும் இணையப் பக்கம் கடலூர் போய் அங்கிருந்து வெளியேறித் திரும்பி வரும். இரண்டு ஊருக்கும் நடுவில் கன்னியகோவில் பக்கம் சாலை தோண்டி ஃபைபர் அறுந்தால், சொந்த லைன் நன்றாக இருந்தும் கிளைக்கு இணையம் இருக்காது. ஒரு ஊரில் யாராவது கேபிளை மாற்றிச் செருகி லூப் (சுற்று வழி) ஆக்கினால் இரண்டு ஊரும் சேர்ந்து நிற்கும்.

நியாயமான தேவைகளும் இருக்கின்றன. உரிமத்தைப் பிராட்காஸ்ட் மூலம் தேடும் பழைய மென்பொருள், ஐபியை மாற்றவே முடியாத லேப் கருவி, ஐபி மாறாமல் இடம் மாற வேண்டிய விஎம். அவற்றுக்காக மட்டும் ஒரு சிறிய விலானை நீட்டுங்கள். முழு அலுவலகத்தையும் நீட்ட வேண்டாம்.

ஓடும் விஎம்மை நிறுத்தாமல் ஊர் மாற்றலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 8 ஜிபி ரேம் உள்ள விஎம்மின் நினைவகத்தை நொடிக்கு 50 மெகாபிட் அப்லோடில் அனுப்ப 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் விஎம் எழுதிக்கொண்டே இருப்பதால் மாறிய பக்கங்களைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். டிஸ்க் வேறு இருக்கிறது. இரண்டு ஊர் ஹோஸ்ட்டையும் ஒரே பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் சேர்ப்பதும் வேண்டாம். அதன் ஹோஸ்ட்டுகளைச் சேர்த்துவைக்கும் கோரோசிங்க், ஒரே அலுவலக நெட்வொர்க் (லேன்) அளவு தாமதத்தை, அதாவது 5 மில்லிசெகண்டுக்குள், எதிர்பார்க்கிறது. இரண்டே ஹோஸ்ட் என்றால் லைன் அறுந்த கணத்தில் இரண்டுக்கும் பெரும்பான்மை வாக்கு இல்லாமல் போகும். அப்போது எந்தப் பக்கத்திலும் புதிதாக ஒரு விஎம்மைக் கூடத் தொடங்க முடியாது.

சரி, நீட்டித்தான் ஆக வேண்டும். ஜிஆர்இ, விஎக்ஸ்லான், ஜெனிவ் எதை எடுப்பது?

மூன்றும் டனல் வகைகள். ஜிஆர்இ பழையது, எளியது, 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி (இணையத் தரநிலை ஆவணம்) 2784. அது ஐபியின் 47ஆம் எண் புரோட்டோகால். டிசிபி, யூடிபி போலப் போர்ட் எண் கிடையாது, அதனால் வீட்டு ரூட்டர்களின் நேட்டைத் தாண்டும்போது அடிக்கடி முரண்டு பிடிக்கும். சொந்தப் பொது ஐபி இரண்டு பக்கமும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

விஎக்ஸ்லான் ஈதர்நெட் பிரேமை யூடிபிக்குள் வைத்து அனுப்புகிறது. 2014இல் ஆர்எஃப்சி 7348 ஆக வந்தது. நெட்வொர்க் எண்ணுக்கு 24 பிட், அதாவது 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் தனி நெட்வொர்க்குகள். நமக்கு அத்தனை வேண்டாம்; ஆனால் எல்லா லினக்ஸிலும் இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் இதையே சொல்வேன். அதிகாரப்பூர்வப் போர்ட் 4789. லினக்ஸ் கெர்னலில் விஎக்ஸ்லான் 2012இலேயே வந்துவிட்டது, அந்தப் போர்ட் எண் ஒதுக்கப்படுவதற்கு முன். அதனால் நீங்கள் போர்ட் எதுவும் எழுதாமல் விட்டால் கெர்னல் 8472ஐ எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் லினக்ஸ் பிரிட்ஜ், மறு பக்கம் ஓப்பன் விஸ்விட்ச் என்று இருந்தால் ஒருவர் 8472இல் பேசுவார், மற்றவர் 4789இல் காத்திருப்பார். இரண்டு பக்கமும் 4789 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மல்டிகாஸ்ட் (ஒரே முகவரியில் பலருக்கும் அனுப்புவது) குழு வைத்துச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டாம், பிராட்பேண்டில் மல்டிகாஸ்ட் போகாது. மறு முனையின் ஐபியை நேரடியாக எழுதும் யூனிகாஸ்ட் முறைதான் நமக்கு.

ஜெனிவ் 2020இல் ஆர்எஃப்சி 8926 ஆனது, போர்ட் 6081. ஓவிஎன் (ஓப்பன் விஸ்விட்சின் மேல் நெட்வொர்க்குகளை ஆளும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்களுக்கு அதுவே வழக்கமாக வரும். இரண்டு ஹோஸ்ட்டுக்காக அதைத் தேடிப் போகத் தேவையில்லை.

விஎக்ஸ்லானில் தகவல் பூட்டித்தானே போகிறது?

இல்லை. மூன்றிலுமே என்க்ரிப்ஷன் கிடையாது, யார் அனுப்பியது என்று சரிபார்ப்பதும் கிடையாது. 4789 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால், வெளியாள் போலியாகச் செய்த பிரேமை உங்கள் உள் நெட்வொர்க்குக்குள் போட முடியும். நோயாளியின் பரிசோதனை முடிவோ வாடிக்கையாளர் கணக்கோ போகிற லைனில் இதை ஏற்கவே கூடாது. வயர்கார்டு டனலை முதலில் போட்டு, அதன் உள் ஐபிகளுக்கு நடுவே விஎக்ஸ்லானை ஓடவிடுங்கள். வயர்கார்டு 2020இல் லினக்ஸ் 5.6 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. ரூட்டிங் மட்டும் போதும் என்றால் வயர்கார்டு ஒன்றே வேலையை முடிக்கும் என்று மேலே சொன்னதை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லைனில் பொது ஐபி இல்லை. ரூட்டரில் 100.64 என்று ஏதோ காட்டுகிறது.

அது 100.64.0.0/10, சேவை நிறுவனங்களே பெரிய அளவில் நேட் செய்வதற்காக 2012இல் ஒதுக்கிய முகவரிகள். அந்தப் பக்கத்தை வெளியிலிருந்து அழைக்க முடியாது. இரண்டில் ஒரு ஊரில் பொது ஐபி இருந்தால் போதும். இல்லாத பக்கம் முதலில் அழைக்கட்டும், அங்கே பெர்சிஸ்டன்ட் கீப்அலைவை 25 நொடி என்று வையுங்கள், நேட் பதிவு மறையாமல் இருக்கும். இரண்டு பக்கமும் இல்லையென்றால் ஒரு பக்கத்துக்கு நிலையான ஐபிக்குப் பணம் கட்டலாம், அல்லது பொது ஐபி உள்ள சிறிய வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைத்து இருவரையும் அதனோடு இணைக்கலாம்.

சார், பிங் போகுது, எஸ்எஸ்ஹெச் லாகின் ஆகுது, ஆனா பில்லிங் சாஃப்ட்வேர் பாதியில நிக்குது. ஏன்?

டனல் போட்ட பத்துப் பேரில் பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இது. காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு (பைட்டில்). சின்ன பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் வழியில் விழுகிறது.

கடிதத்தை உறைக்குள் போட்டு, அந்த உறையை இன்னொரு உறைக்குள் போட்டால் உள்ளே இருக்கும் தாள் சிறிதாகத்தான் இருக்க வேண்டும். கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். ஈதர்நெட்டில் எம்டியூ 1500. விஎக்ஸ்லான் உறைக்கு வெளி ஐபி 20, யூடிபி 8, விஎக்ஸ்லான் தலைப்பு 8, உள்ளே போகும் ஈதர்நெட் தலைப்பு 14, மொத்தம் 50 பைட். அதனால் நேர் கேபிளில் விஎக்ஸ்லான் எம்டியூ 1450. வெளி வழி ஐபிவி6 என்றால் 70 பைட் போய் 1430.

நம் எடுத்துக்காட்டில் விஎக்ஸ்லான் வயர்கார்டுக்குள் போகிறது. வயர்கார்டின் வழக்கமான எம்டியூ 1420. அதில் 50ஐக் கழித்தால் 1370. விஎம்முக்குள் இருக்க வேண்டிய எம்டியூ இதுதான்.

பிராட்பேண்ட் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையும் முறை) என்றால் இன்னொரு 8 பைட் போகும், லைனின் எம்டியூ 1492. வயர்கார்டு ஐபிவி4 வழியாகப் போனால் அதன் உறை 60 பைட்; 1420உம் 60உம் சேர்ந்து 1480, இடிக்காது. அதே டனல் ஐபிவி6 முகவரிக்குப் போனால் உறை 80 பைட், மொத்தம் 1500, லைன் தாங்காது. நேற்று வரை நன்றாக ஓடிய டனல், டொமைன் பெயருக்கு ஐபிவி6 முகவரி சேர்த்த மறுநாள் தடுமாறத் தொடங்குவது இதனால்தான். அப்போது வயர்கார்டை 1412க்கும் விஎக்ஸ்லானை 1362க்கும் இறக்குங்கள்.

ரூட்டர் என்றால் பெரிய பாக்கெட்டைப் பார்த்து, "இவ்வளவு பெரியது போகாது" என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி செய்தி அனுப்பும். பிரிட்ஜ் இரண்டாம் அடுக்கில் இருப்பதால் அந்தச் செய்தியை அனுப்பாது, போர்ட்டின் எம்டியூவை மீறிய பிரேமைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். அனுப்பிய விஎம் திரும்பத் திரும்ப அதே அளவில் அனுப்பிக்கொண்டிருக்கும். பயனாளருக்குத் தெரிவது பாதியில் நின்ற திரை.

சோதனை எளிது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு ஒரு விஎம்மிலிருந்து மறு ஊர் விஎம்முக்குப் பிங் அனுப்புங்கள். பிங் தலைப்புகளுக்கு 28 பைட் போகும் என்பதால் 1370க்கு 1342 என்ற அளவு போக வேண்டும், 1343 போகக் கூடாது. இரண்டும் அப்படியே நடந்தால் கணக்கு சரி.

விஎம்முக்குள் எம்டியூவை மூன்று வழியில் மாற்றலாம். விஎம்மின் உள்ளே நேரடியாக எழுதலாம். டிஹெச்சிபியின் 26ஆம் ஆப்ஷனில் கொடுக்கலாம், ஆனால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. பிராக்ஸ்மாக்ஸில் விர்ட்ஐஓ (விஎம்முக்கான மென்பொருள் கார்டு வகை) கார்டின் எம்டியூ கட்டத்தில் 1 என்று போட்டால் பிரிட்ஜின் எம்டியூவையே அது எடுத்துக்கொள்ளும். டிசிபியின் எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் தகவலின் அதிகபட்ச அளவு) ஃபயர்வாலில் குறைப்பது பாக்கெட் ரூட் ஆகும் இடத்தில் நன்றாக வேலை செய்யும். பிரிட்ஜ் வழியே நேராகப் போகும் பிரேமில் அதை நம்ப வேண்டாம்.

மூன்றாவதாக நெய்வேலிக் கிளையும் சேர்ந்ததும் மொத்த நெட்வொர்க்கும் உறைந்துவிட்டது.

லூப். கடலூர், புதுச்சேரி, நெய்வேலி மூன்றுக்கும் நடுவே ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு டனல் போட்டால் ஒரு முக்கோணம் உருவாகும். ஓப்பன் விஸ்விட்சில் ஒவ்வொரு மறு முனையும் தனிப் போர்ட். ஒரு போர்ட்டில் வந்த பிராட்காஸ்ட் மற்றதில் வெளியேறும். அப்படியே முக்கோணத்தை முடிவில்லாமல் சுற்றும். ஈதர்நெட் பிரேமில் ஐபியில் உள்ளது போல ஆயுள் எண்ணிக்கை கிடையாது, தானாகச் சாகாது.

தீர்வு மூன்று. கடலூரை நடுவாக வைத்து மற்ற இரண்டையும் அதனோடு மட்டும் இணைத்தால் முக்கோணமே இல்லை. கடலூர் விழுந்தால் எல்லாம் விழும் என்பதை ஏற்க வேண்டும். இரண்டாவது, ஸ்பானிங் ட்ரீயை இயக்குவது. அது ஒரு டனலைத் தானாக அடைத்து வைக்கும், தேவைப்படும்போது திறக்கும். அதன் பழைய வகையான எஸ்டிபி ஒரு போர்ட்டைத் திறக்க அரை நிமிடம் எடுக்கும், புதிய வகையான ஆர்எஸ்டிபி விரைவு. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: லினக்ஸின் ஒரே விஎக்ஸ்லான் இடைமுகத்தில் எல்லா மறு முனைகளையும் பட்டியலாக எழுதுவது. பிரிட்ஜ் ஒரு போர்ட்டில் வந்த பிரேமை அதே போர்ட்டில் திரும்ப அனுப்பாது. புதுச்சேரியிலிருந்து வந்த பிரேம் கடலூர் வழியாக நெய்வேலிக்குப் போக வழியே இல்லை, அதனால் முக்கோணம் இருந்தும் லூப் இல்லை. ஒவ்வொரு ஹோஸ்டிலும் மற்ற எல்லா ஹோஸ்டின் முகவரியும் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

ஹோஸ்டில் டாக்கர் போட்டேன், பிரிட்ஜில் இருந்த விஎம்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன.

டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி), லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்ட் வழியை, அதாவது ஹோஸ்டைத் தாண்டிப் போகும் தகவலின் வழியை, மூடிவிடும். பிஆர்-நெட்ஃபில்டர் என்ற கெர்னல் மாட்யூல் ஏறியிருந்தால் பிரிட்ஜ் வழியே போகும் பிரேம்களும் அந்த விதிகளுக்குள் இழுக்கப்பட்டு விழும். டாக்கர்-யூசர் என்ற செயினில் (விதி வரிசை) உங்கள் பிரிட்ஜுக்கு அனுமதி எழுதினால் சரியாகும். நல்ல வழி, டாக்கரை ஒரு விஎம்முக்குள் ஓட்டுவது.

விஎம்வேர், ஹைப்பர்-வியில் இதெல்லாம் எப்படி?

கருத்து ஒன்றுதான். ஹைப்பர்-வியில் சுவிட்ச் மூன்று வகை: எக்ஸ்டர்னல் நிஜ கார்டோடு சேர்ந்தது, இன்டர்னல் ஹோஸ்டும் விஎம்களும் மட்டும், பிரைவேட் விஎம்களுக்குள் மட்டும். விஎம்முக்குள் இன்னொரு ஹைப்பர்வைசர் (விஎம் ஓட்டும் மென்பொருள்) ஓட்டிப் பழகும் மாணவர்கள், ஹைப்பர்-வியில் மேக் ஸ்பூஃபிங்கை (வேறு மேக்கில் பிரேம் அனுப்புவது) அனுமதிக்க வேண்டும். விஎம்வேரில் போர்ட் குழுவின் பாதுகாப்புப் பகுதியில் புராமிஸ்கியூவஸ் முறையையும் ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்டையும் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் உள் விஎம்களின் பிரேம்கள் வெளிச் சுவிட்சிலேயே நின்றுவிடும். லேபில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை சொல்லுங்கள் அண்ணே.

பிங்கை ஓடவிட்டு, டிசிபிடம்ப்பை (போகும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) விஎம்மின் டேப்பில் தொடங்குங்கள். பிறகு விஎக்ஸ்லான் இடைமுகம், பிறகு வயர்கார்டு, கடைசியாக நிஜ கார்டு. அடுத்து மறு ஊரில் இதே வரிசையைத் தலைகீழாக. பாக்கெட் கடைசியாகத் தெரிந்த இடத்துக்கும் தெரியாமல் போன இடத்துக்கும் நடுவில்தான் பழுது. டேப்பில் ஏஆர்பி கேள்வி மட்டும் தெரிந்து பதில் இல்லையென்றால் விலான் எண்ணையும் பிரிட்ஜின் மேக் பட்டியலையும் பாருங்கள். நிஜ கார்டில் யூடிபி வெளியேறுகிறது, மறுபக்கம் வரவில்லை என்றால் நடுவில் உள்ள ரூட்டர். ஊகித்து ஊகித்து அமைப்பை மாற்றுவதை விட இந்த நடை வேகமானது.

கரண்ட் போய் வந்தால் டனல் எழுவதில்லை. ஆள் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

2011 டிசம்பர் 30இல் "தானே", 2024 நவம்பர் 30இல் "ஃபெஞ்சல்" என்று புயல்கள் வந்து கரையேறும் கரை இது. மின்சாரம் இரண்டு ஊருக்கும் இரண்டு வேறு நிர்வாகம், ஒரே நேரத்தில் திரும்பி வராது. அதனால் ஒரு பக்கம் மட்டும் ரீபூட் ஆகிற நிலையை முன்கூட்டியே எண்ணி அமைக்க வேண்டும்.

முதலில், கட்டளையாக அடித்த பிரிட்ஜும் விஎக்ஸ்லானும் ரீபூட்டில் போய்விடும். அவை கோப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓப்பன் விஸ்விட்ச் தன் பிரிட்ஜையும் போர்ட்டையும் டேட்டாபேஸில் வைத்திருக்கும், ஆனால் அதன் உள் போர்ட்டுக்கு நீங்கள் கையால் கொடுத்த ஐபியை வைத்திருக்காது.

இரண்டாவது, வயர்கார்டு மறு முனையின் டொமைன் பெயரைத் தொடங்கும்போது ஒரு முறைதான் ஐபியாக மாற்றிக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் ஹோஸ்ட் எழுந்துவிடும், ஃபைபர் கருவியும் ரூட்டரும் லைன் பிடிக்க இன்னும் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் பெயர் கிடைக்காமல் சர்வீஸ் தோற்று நின்றுவிடலாம். ரூட்டர் புது ஐபியோடு எழுந்தாலும் மறுபக்கம் பழைய ஐபிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சர்வீஸ் தோற்றால் திரும்பத் தொடங்கும்படி அமையுங்கள். வயர்கார்டு கருவித் தொகுப்போடு வரும், பெயரை மீண்டும் தேடும் ஸ்கிரிப்டை டைமரில் போடுங்கள்.

மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதில்லை. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்த பழைய ஹோஸ்ட், கரண்ட் வந்ததும் பல வருடம் பின்னால் இருக்கும் தேதியோடு எழும். வயர்கார்டின் கைகுலுக்கலில் நேர முத்திரை இருக்கிறது. மறுபக்கம் தான் கடைசியாகப் பார்த்த முத்திரையை விடப் பழையது வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று எண்ணி நிராகரிக்கும். சாவி சரி, போர்ட் சரி, ஐபி சரி, டனல் மட்டும் எழாது. நேரத்தைச் சரிசெய்யும் குரோனி, டனலுக்குள் இருக்கும் சர்வரை நம்பாமல் வெளி இணையத்தின் நேர சர்வரைப் பார்க்கட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் இரண்டு ஹோஸ்டிலும் அந்தப் பேட்டரியை மாற்றிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கத்தின் மின்சாரத்தை நீங்களே அணைத்து, யாரும் கை வைக்காமல் டனல் எழுகிறதா என்று பாருங்கள்.